இரைப்பைப் புற்றுநோயின் மரபணுக் குறிப்பான்கள்: அறிக்கையையும் ஆய்வுக் கட்டுரையையும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரைப்பைப் புற்றுநோய் உறுதியான ஒருவருக்கு இன்று வழங்கப்படும் நோயியல் அறிக்கையில், முந்தைய தலைமுறை மருத்துவர்கள் கண்டிராத சில வரிகள் இருக்கின்றன: ஹெர்2 இத்தனை, எம்எம்ஆர் இப்படி, சிபிஎஸ் இத்தனை, கிளாடின் 18.2 இவ்வளவு சதவீதம். மறுபுறம் ஆய்விதழ்களில், இந்த நோயின் போக்கைக் கணிக்கப் புதிய மரபணு ஒன்றைக் கண்டறிந்ததாகச் சொல்லும் கட்டுரைகள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கின்றன. கட்டுரைகளில் பேசப்படும் மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவை எந்த நோயாளியின் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. அறிக்கையில் இடம்பெறுபவையோ ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால் இரண்டையும் தெளிவாகப் படிக்க முடியும். உயிரியல் மாணவர்கள், இளம் மருத்துவர்கள், குடும்பத்தில் ஒருவரின் அறிக்கையைப் புரிந்துகொள்ள முயல்பவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்படுகிறது. சிகிச்சை முடிவை எடுக்க வேண்டியவர் நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவரே.

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9,68,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், ஏறத்தாழ 6,60,000 பேர் இதனால் இறந்தனர் என்றும் உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரத் தொகுப்பான குளோபோகானின் மதிப்பீடு கூறுகிறது. ஜப்பான், தென்கொரியா, சீனா ஆகிய நாடுகளில் சுமை மிக அதிகம். இந்தியாவில் மிசோரமும் பிற வடகிழக்கு மாநிலங்களும் முன்னிலையில் நிற்க, சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களின் வரிசையில் இரைப்பை நெடுங்காலமாக மேல் இடங்களில் இருந்துவருகிறது.

எந்தக் குறிப்பானை, அதாவது நோயைப் பற்றித் தகவல் தரும் எந்த மரபணுவை அல்லது புரதத்தைச் சந்தித்தாலும், அது எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேள்விகள் மூன்று. இரைப்பையின் உட்படலம் புற்றுநோயை நோக்கிச் செல்லும் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது முதலாவது; இதை முன்னேற்றக் குறிப்பான் சொல்கிறது. எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்த நோய் பொதுவாக எப்படிச் செல்லும் என்பது இரண்டாவது. இது முன்கணிப்புக் குறிப்பானின் வேலை. குறிப்பிட்ட ஒரு மருந்து இந்த நோயாளிக்குப் பயன் தருமா என்பது மூன்றாவது. இதைப் பயன்கணிப்புக் குறிப்பான் சொல்கிறது. ஒரே மரபணு இரண்டு கேள்விகளுக்கு விடை தரலாம். ஆனால் ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாக எடுத்துக்கொள்ளும்போதுதான் தேவையற்ற அச்சமும் தேவையற்ற நம்பிக்கையும் பிறக்கின்றன.

படி 1: மரபணுவுக்கு முன் நிலையைப் படியுங்கள்

கட்டி இரைப்பைச் சுவரின் எந்த அடுக்கு வரை ஊடுருவியுள்ளது, எத்தனை நிணநீர்க் கணுக்களில் பரவியுள்ளது, தொலைவில் உள்ள உறுப்புகளுக்குச் சென்றுவிட்டதா என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லும் டிஎன்எம் நிலையே இன்றுவரை முன்கணிப்பின் முதுகெலும்பு. எந்த மரபணுவும் அதைப் பின்னுக்குத் தள்ளவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் அறிக்கையில் குறைந்தது 16 கணுக்களாவது ஆராயப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அதற்குக் குறைவாக எண்ணப்பட்டிருந்தால் நிலையே குறைத்து மதிப்பிடப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

நிலைக்கு அடுத்தது திசு வகை. பின்லாந்தைச் சேர்ந்த பெக்கா லாரென் 1965இல் வகுத்த பிரிவு இன்றும் அறிக்கைகளில் தொடர்கிறது. சுரப்பி அமைப்பைத் தக்கவைத்துக்கொள்வது குடல்வகை. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகச் சுவருக்குள் சிதறிச் செல்வது பரவல்வகை. இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், பின்னால் வரும் மரபணுக்கள் பலவும் இரண்டில் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கின்றன.

படி 2: திசு போதுமானதா என்று பாருங்கள்

இரைப்பைக் கட்டி தனக்குள்ளேயே சீரற்றது. ஒரு மூலையில் ஹெர்2 செறிவாக இருக்க, அரை சென்டிமீட்டர் தள்ளி ஒன்றுமே இல்லாமல் போகலாம். எண்டோஸ்கோபியின்போது ஒன்றிரண்டு துணுக்குகள் மட்டும் எடுத்தால் விடை தவறக்கூடும் என்பதால், கட்டியின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து 6 முதல் 8 துணுக்குகள் வரை எடுக்கும்படி வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன. எடுத்த திசுவைத் தாமதிக்காமல் நடுநிலைப்படுத்திய ஃபார்மலினில் இட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறைவாகவோ 72 மணி நேரத்துக்கு மேலாகவோ ஊறிய திசுவில் புரதமும் டிஎன்ஏவும் நம்பகமான விடை தருவதில்லை. வேறு மருத்துவமனைக்கு மாறிச் செல்பவர்கள், அறிக்கைத் தாளோடு, திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கிச் செல்வது நல்லது. பிளாக் கையில் இருந்தால், பின்னர் தேவைப்படும் பரிசோதனைகளில் பலவற்றை மீண்டும் எண்டோஸ்கோபி செய்யாமலேயே முடிக்கலாம்.

படி 3: ஹெர்2 வரியைப் படியுங்கள்

17ஆம் குரோமோசோமில் உள்ள ஈஆர்பிபி2 என்ற மரபணு சில கட்டிகளில் பல படிகளாகப் பெருகிவிடுகிறது. அதன் விளைவாகச் செல்லின் மேற்பரப்பில் ஹெர்2 புரதம் குவிகிறது. முதலில் ஆன்டிபாடிச் சாயமேற்றும் பரிசோதனையான ஐஎச்சி செய்து 0, 1+, 2+, 3+ என மதிப்பெண் இடுகிறார்கள். 3+ என்றால் நேர்மறை; 0, 1+ என்றால் எதிர்மறை; 2+ என்பது விடையே அல்ல, அடுத்த பரிசோதனைக்கான அழைப்பு மட்டுமே. அப்போது மரபணுவை ஒளிரச் செய்து காட்டும் ஃபிஷ் முறையில் மரபணுப் படிகளை எண்ணி, குரோமோசோம் மையத்தோடு ஒப்பிட்ட விகிதம் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் நேர்மறை என்று கொள்கிறார்கள். 2+ என்ற நிலையிலேயே அறிக்கை முடிந்திருந்தால், ஃபிஷ் செய்யப்பட்டதா என்று கேட்டே ஆக வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கான மதிப்பீட்டு விதியை இங்கே அப்படியே பயன்படுத்த முடியாது. மார்பகச் செல்லில் சாயம் செல்லைச் சுற்றி முழு வளையமாகத் தெரியும். சுரப்பி அமைப்புள்ள இரைப்பைச் செல்லிலோ அடிப்புறமும் பக்கங்களும் மட்டும் சாயமேறி, மேற்புறம் வெறுமையாக இருக்கும். அதனால் இரைப்பைக்கென்று தனி விதி உண்டு: அறுவைத் திசுவில் குறைந்தது 10 சதவீதச் செல்களிலும், சிறு துணுக்கில் குறைந்தது 5 செல்கள் சேர்ந்த கூட்டத்திலும் சாயம் தெரிய வேண்டும்.

2010இல் வெளியான டோகா ஆய்வுதான் இந்த வரியை அறிக்கைக்குள் கொண்டுவந்தது. பரிசோதிக்கப்பட்ட கட்டிகளில் ஏறத்தாழ 22 சதவீதம் ஹெர்2 நேர்மறையாக இருந்தன. அந்த நோயாளிகளுக்குக் கீமோதெரபியோடு ஹெர்2வைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் சேர்த்தபோது உயிர்வாழ்காலத்தின் இடைநிலை (நோயாளிகளில் பாதிப் பேர் கடக்கும் காலம்) 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. புரதம் உண்மையிலேயே மிகுந்திருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது அது 11.8க்கு எதிராக 16.0 மாதம். பெருக்கம் இருந்தும் புரதம் மிகாதவர்களிடம் பயன் தெளிவாகத் தெரியவில்லை என்பதே ஐஎச்சியை முதலில் செய்வதற்குக் காரணம்.

ஹெர்2 நேர்மறை என்பது கெட்ட செய்தியா என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. மார்பகத்தில் அது ஒரு காலத்தில் தெளிவான கெட்ட முன்கணிப்பாக இருந்தது. இரைப்பையில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே பேசுகின்றன. ஆகவே இங்கே அது மூன்றாவது கேள்விக்கான விடை, அதாவது மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் குறிப்பான் என்று கொள்வதே சரி. எதிர்ப்பு மண்டலத்தைத் தடுக்கும் பிடி-எல்1 புரதத்தின் மதிப்பெண் (படி 5) 1 அல்லது அதற்கு மேல் உள்ள ஹெர்2 நேர்மறை நோயாளிகளுக்கு, எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிசுமாபையும் சேர்ப்பது கீநோட்-811 ஆய்வுக்குப் பின் நடைமுறைக்கு வந்துள்ளது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிராஸ்டுசுமாப் எடுத்துக்கொண்ட பின் நோய் மீண்டும் வளர்ந்தால், கணிசமானோரின் கட்டியில் ஹெர்2 மறைந்துவிட்டிருக்கும். ஹெர்2 உள்ள செல்கள் மருந்தால் அழிய, இல்லாதவை எஞ்சி வளர்வது இதற்கு ஒரு காரணம். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்து 2020இல் வெளியான டெஸ்டினி-கேஸ்ட்ரிக்01 ஆய்வில், டிராஸ்டுசுமாபோடு கீமோதெரபி மருந்தை இணைத்த டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் பெற்றவர்களின் உயிர்வாழ்கால இடைநிலை 12.5 மாதம், வழக்கமான கீமோதெரபி பெற்றவர்களுக்கு 8.4 மாதம். இந்த மருந்தைத் தொடங்கும் முன், முடிந்தவரை புதிய திசுவை எடுத்து ஹெர்2வை மீண்டும் பரிசோதிப்பது அறிவுடைமை. ஓராண்டுக்கு முந்தைய அறிக்கை இன்றைய கட்டியைப் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்ள முடியாது.

படி 4: எம்எம்ஆர், எம்எஸ்ஐ வரியைப் படியுங்கள்

டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது ஏற்படும் பிழைகளைத் திருத்துவதற்கு எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்கள் முக்கியமானவை. இவற்றில் ஒன்று அற்றுப்போனால், டிஎன்ஏவில் மீண்டும் மீண்டும் வரும் சிறு தொடர்கள் நீளம் மாறத் தொடங்கும். நான்கு புரதங்களும் இருக்கின்றனவா என்று ஐஎச்சி மூலம் பார்ப்பது எம்எம்ஆர் பரிசோதனை. தொடர்களின் நீளத்தை நேரடியாக அளப்பது எம்எஸ்ஐ பரிசோதனை. இரண்டும் ஒரே நிகழ்வை இரு வழிகளில் பார்க்கின்றன.

மூன்று கேள்விகளில் இரண்டுக்கும் விடை தருவதால், அறிக்கையில் மிகவும் மதிப்புடைய வரி இதுதான் என்பது என் கருத்து. முன்கணிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் மேஜிக், தென்கொரியாவின் கிளாசிக் மற்றும் ஆர்ட்டிஸ்ட், இத்தாலியின் இட்டாகா-எஸ் ஆகிய நான்கு ஆய்வுகளின் நோயாளிகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியான பகுப்பாய்வில், அறுவை செய்யக்கூடிய நோயாளிகளில் 7.8 சதவீதத்தினரின் கட்டிகள் எம்எஸ்ஐ உயர்வகையாக, அதாவது தொடர்களின் நீளம் பெரிதும் மாறியவையாக இருந்தன. ஐந்தாண்டு உயிர்வாழ்வு அவர்களிடம் 77.5 சதவீதம், மற்றவர்களிடம் 59.3 சதவீதம். பிழைகள் மிகுந்த கட்டி ஏன் மெதுவாகப் போகிறது என்று தோன்றலாம். பிழைகளால் உருவாகும் வினோதப் புரதங்கள் உடலின் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் எளிதாகப் படுகின்றன, அம்மண்டலத்தின் செல்களான லிம்போசைட்டுகள் கட்டிக்குள் கூட்டமாக நுழைகின்றன என்பதே பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம்.

பயன்கணிப்பு இதைவிடச் சுவையானது. அதே பகுப்பாய்வில், எம்எஸ்ஐ உயர்வகை நோயாளிகளுக்கு அறுவையோடு கீமோதெரபி சேர்த்ததால் கூடுதல் பயன் தெரியவில்லை. அவர்களின் எண்ணிக்கை சிறியது, அந்த ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட மருந்துக் கலவைகளும் பழையவை. இதை மட்டும் வைத்துக் கீமோதெரபியை மறுத்துவிடக் கூடாது. எனினும் இந்தக் குழுவுக்கு வேறு வழி உண்டு என்பதை பிரான்சில் நடந்த நியோநிபிகா ஆய்வு காட்டியது. அறுவைக்கு முன் நிவோலுமாப், இபிலிமுமாப் ஆகிய இம்யூனோதெரபி மருந்துகளைப் பெற்று, பின்னர் அறுவை செய்துகொண்ட 29 பேரில் 17 பேரின் அகற்றப்பட்ட திசுவில் உயிருள்ள புற்றுசெல் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே, எண்டோஸ்கோபித் துணுக்கிலேயே எம்எம்ஆர் பார்த்துவிட வேண்டும். அறுவைக்குப் பிறகு தெரிந்துகொண்டால் தேர்வு செய்யும் வாய்ப்பில் பாதி போய்விடும்.

எந்தப் புரதம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இரைப்பையில் பெரும்பாலும் எம்எல்எச்1 தான் காணாமல் போகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் முதுமையில் அந்த மரபணுவின் முன்பகுதியில் ஒரு வேதிக்குறி ஏறி அதை அணைத்துவிடும் மெத்திலேற்றம், பரம்பரை அல்ல. எம்எஸ்எச்2 அல்லது எம்எஸ்எச்6 இல்லை என்றால், பரம்பரையாகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் லிஞ்ச் நோய்த்தொகுதி குறித்து ஆராய வேண்டும். மிச்சிகனைச் சேர்ந்த ஆல்ட்ரெட் வார்த்தின் 1913இல் விவரித்த, லிஞ்ச் நோய்த்தொகுதியின் வரலாறு தொடங்கும் அந்தப் புகழ்பெற்ற குடும்பத்தில், அன்றைக்கு முன்னிலையில் நின்றவற்றுள் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. பெருங்குடல் புற்றுநோய் பின்னாளில்தான் அந்த இடத்தைப் பிடித்தது.

படி 5: பிடி-எல்1, கிளாடின் 18.2

சிபிஎஸ் என்ற மதிப்பெண், பிடி-எல்1 சாயம் ஏறிய புற்றுசெல்கள், லிம்போசைட்டுகள், மேக்ரோபேஜுகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையை மொத்தப் புற்றுசெல்களால் வகுத்து 100ஆல் பெருக்கிக் கிடைப்பது. செக்மேட்-649 ஆய்வில் சிபிஎஸ் 5 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்குக் கீமோதெரபியோடு நிவோலுமாப் சேர்த்தபோது உயிர்வாழ்கால இடைநிலை 11.1க்குப் பதில் 14.4 மாதம். மதிப்பெண் 1க்கும் கீழே உள்ளவர்களுக்குப் பயன் மிகக் குறைவு. இடையில் உள்ள 1 முதல் 4 வரையிலான பகுதிதான் சிக்கல். ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் இரு நோயியல் மருத்துவர்கள் 3 என்றும் 6 என்றும் சொல்லக்கூடிய மதிப்பெண் இது. எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிளாடின் 18.2 என்பது இரைப்பை உட்படலச் செல்களை அடுத்தடுத்து இறுக்கிப் பிணைக்கும் புரதங்களில் ஒன்று. இயல்பான செல்களில் இடுக்குகளுக்குள் மறைந்திருக்கும் அது, செல்களின் ஒழுங்கு குலையும்போது வெளியே தெரிந்து ஆன்டிபாடிக்கு இலக்காகிறது. ஸ்பாட்லைட் ஆய்வில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 38 சதவீதத்தினர் நேர்மறை. இங்கே நேர்மறை என்பதற்கு, 75 சதவீதத்துக்குக் குறையாத புற்றுசெல்களின் படலத்தில் மிதமான அல்லது வலுவான சாயம் தெரிய வேண்டும் என்பது பொருள். ஹெர்2 எதிர்மறையாக உள்ள அந்த நோயாளிகளுக்குக் கீமோதெரபியோடு, இப்புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடியான ஸோல்பெடுக்ஸிமாப் சேர்த்தபோது உயிர்வாழ்கால இடைநிலை 15.54 மாதத்திலிருந்து 18.23 மாதமானது. இயல்பான இரைப்பையிலும் இதே புரதம் இருப்பதால், குமட்டலும் வாந்தியும் இம்மருந்தின் முக்கியப் பக்கவிளைவுகளாக இருப்பதில் வியப்பில்லை. நோயின் போக்கைப் பற்றி இந்தக் குறிப்பான் பெரிதாக எதுவும் சொல்வதில்லை.

படி 6: கட்டி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது

தனித்தனி மரபணுக்களுக்கு அப்பால், கட்டியின் முழு மரபணுத் தோற்றத்தையும் பார்த்து வகைப்படுத்தும் முயற்சிகளில் இரண்டு நிலைத்திருக்கின்றன. அமெரிக்காவின் டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணுத்தொகைத் திட்டம் 2014இல் 295 கட்டிகளை ஆராய்ந்து நான்கு வகைகளைப் பிரித்தது: எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ளவை 9 சதவீதம், எம்எஸ்ஐ வகை 22 சதவீதம், மரபணுத்தொகை நிலையான வகை 20 சதவீதம், குரோமோசோம்கள் நிலைகுலைந்த வகை 50 சதவீதம். வைரஸ் வகையில் மெத்திலேற்றம் உச்சத்தில் இருக்கும். பிஐகே3சிஏ மரபணுவில் திடீர்மாற்றமும், பிடி-எல்1 மரபணுவின் பெருக்கமும் அடிக்கடி தென்படும். இதைக் கண்டறிய விலையுயர்ந்த வரிசைப்படுத்தல் தேவையில்லை. அந்த வைரஸின் எபெர் என்ற சிறு ஆர்என்ஏவைத் திசுவிலேயே காட்டும் பரிசோதனை போதும். முன்கணிப்பு ஒப்பீட்டளவில் நல்லது. நிலையான வகையில் பரவல்வகைக் கட்டிகளே மிகுதி. சிடிஎச்1, ஆர்எச்ஓஏ ஆகியவற்றில் திடீர்மாற்றங்கள் இருக்கும். பெயரில் உள்ள நிலைத்தன்மை நோயாளிக்கு உரியதல்ல. நான்கில் போக்கு மோசமானது இதுதான். குரோமோசோம்கள் குலைந்த வகையில், கட்டி உருவாவதைத் தடுக்கும் மரபணுவான டிபி53இன் சேதமும், ஹெர்2 போன்ற வளர்ச்சி ஏற்பிகளின் பெருக்கமும் குவிந்திருக்கும்.

2015இல் ஏசிஆர்ஜி என்ற ஆசியக் கூட்டமைப்பு 300 கட்டிகளை மரபணு வெளிப்பாட்டின் அடிப்படையில் பிரித்தது. முன்கணிப்பைப் பொறுத்தவரை இந்தப் பிரிவே கூர்மையானது. எம்எஸ்ஐ வகையில் நோய் திரும்பியது 22 சதவீதத்தினருக்கு. செல்கள் தம் பிணைப்பை இழந்து இணைப்புத்திசுச் செல்களின் தன்மைக்கு மாறிய வகையில் 63 சதவீதத்தினருக்கு. இந்தக் கடைசி வகை இளவயதினரிடமே அதிகம். திரும்பும்போது பெரும்பாலும் வயிற்று உறையில் பரவுகிறது. அறுவை முடிந்த நோயாளியின் வயிற்று உறையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டுமா என்ற நடைமுறைக் கேள்விக்கு இந்தத் தகவல் உதவுகிறது. ஆயினும் முழு ஆர்என்ஏ அளவீடு தேவைப்படுவதால் இது அன்றாட அறிக்கைக்குள் இன்னும் வரவில்லை.

படி 7: புற்றுநோய்க்கு முந்தைய பாதை

குடல்வகைப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் நெடுங்கால அழற்சி, சுரப்பிகள் மெலிதல், இரைப்பைப் படலம் குடல் படலமாக மாறுதல் (குடலுருமாற்றம்), செல் ஒழுங்கு குலைதல், பிறகு புற்று என்ற வரிசையை கொலம்பியாவில் பணியாற்றிய பெலாயோ கொரேயா விவரித்தார். படலம் குடல்தன்மை பெறுவதற்கு சிடிஎக்ஸ்2 என்ற மரபணு விழித்தெழுவது முக்கியக் காரணம். அந்த நிலையை அடைந்தோரில் பெரும்பாலோர் புற்றுநோய்க்குச் செல்வதில்லை; செல்லப்போகிற சிலரை எப்படிப் பிரிப்பது என்பதே முன்னேற்றக் குறிப்பான்களின் சவால்.

சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் எண்டோஸ்கோபி மூலம் தொடர்ந்த ஆய்வின் திசுக்களை வைத்து 2018இல் வெளியான பகுப்பாய்வு இங்கே மிகவும் பயனுள்ளது. குடலுருமாற்றத் திசுவில் எஃப்பிஎக்ஸ்டபிள்யூ7 மரபணுவில் திடீர்மாற்றங்கள் மீண்டும் மீண்டும் தென்பட்டன, டிபி53இல் தென்படவில்லை. அதாவது டிபி53 சேதம் பாதையின் பிற்பகுதியைச் சேர்ந்தது. குரோமோசோம்களின் முனைகளான டெலோமியர்கள் குறுகி, குரோமோசோம் மாற்றங்களும் சேர்ந்திருந்த திசுக்களுக்குரியவர்கள் அடுத்த கட்டத்துக்குச் செல்லும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. மெத்திலேற்றம் இயல்புக்கு நெருக்கமாக இருந்தவர்களிடம் மாற்றம் பின்வாங்கியதும் உண்டு. இவை இன்னும் ஆய்வகத்துக்குள்ளேயே இருக்கின்றன. இன்றைய நடைமுறையில் கிருமியை மருந்தால் ஒழிப்பதும், மெலிதலும் குடலுருமாற்றமும் எவ்வளவு பரந்துள்ளன என்று ஓல்கா, ஓல்கிம் அளவுகோல்களால் மதிப்பிடுவதும், இரைப்பைச் சுரப்பிகள் உருவாக்கும் பெப்சினோஜனின் அளவை இரத்தத்தில் பார்ப்பதும்தான் கைக்கு எட்டியவை. நேர்மையாகச் சொன்னால், ஒரு விலையுயர்ந்த மரபணுப் பட்டியலைவிடக் கிருமிப் பரிசோதனை ஒன்று பெரும்பாலோருக்கு அதிக நன்மை தரும்.

படி 8: குடும்பத்தில் ஓடுகிறதா

கட்டியின் திடீர்மாற்றமும் பிறப்பிலேயே வந்த மாற்றமும் வேறுவேறு. முன்னதைக் கட்டித் திசுவிலும் பின்னதை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ பார்க்கிறார்கள். பரம்பரைப் பரவல்வகைப் புற்றுநோய்க்குக் காரணமான சிடிஎச்1 மரபணு 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரினுக்கான மரபணு அது. 50 வயதுக்குள் பரவல்வகை வந்தவர்கள், குடும்பத்தில் இருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் இருந்து அவர்களில் ஒருவருக்கேனும் பரவல்வகை உறுதியானவர்கள், ஒரே குடும்பத்தில் பரவல்வகை இரைப்பைப் புற்றுநோயும் பால்சுரப்பி மடல்களில் தொடங்கும் லோபுலார் மார்பகப் புற்றுநோயும் கண்டவர்கள் ஆகியோருக்கு இந்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

மாற்றம் இருந்தால் அபாயம் எவ்வளவு என்ற கணக்கு மாறிக்கொண்டே வந்திருப்பது ஒரு பாடம். 2015இல் 80 வயதுக்குள் ஆண்களுக்கு 70 சதவீதம், பெண்களுக்கு 56 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். 2019இல் வந்த மற்றொரு மதிப்பீடு 42, 33 சதவீதம் என்றது. முந்தைய கணக்கு, பலருக்கு நோய் வந்ததாலேயே மருத்துவர் கண்ணில் பட்ட குடும்பங்களை வைத்துப் போடப்பட்டது. வேறு காரணங்களுக்காகப் பரிசோதித்து மாற்றம் தெரியவந்தவர்களையும் சேர்த்தபோது எண் இறங்கியது. முழு இரைப்பையையும் முன்கூட்டியே அகற்றுவதா, தேர்ந்த மையத்தில் ஆண்டுதோறும் எண்டோஸ்கோபி செய்துகொள்வதா என்ற முடிவு இந்த எண்ணைப் பொறுத்தது என்பதால், மரபியல் ஆலோசகரிடம் பேசாமல் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டாம்.

2023இல் ஜப்பானிலிருந்து வந்த ஒரு முடிவு இதற்குப் புது வெளிச்சம் தந்தது. ஏடிஎம், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, பிஏஎல்பி2 ஆகிய டிஎன்ஏ பழுதுபார்ப்பு மரபணுக்களில் பிறவி மாற்றமும் ஹெலிகோபாக்டர் தொற்றும் சேர்ந்து இருப்பவர்களுக்கு 85 வயதுக்குள் இரைப்பைப் புற்றுநோய் வரும் அபாயம் 45.5 சதவீதம், தொற்று மட்டும் இருந்தால் 14.4 சதவீதம். மரபணுவை மாற்ற முடியாது, கிருமியை ஒழிக்கலாம். பிஆர்சிஏ மாற்றம் உள்ள குடும்பங்கள் மார்பகத்தையும் சூலகத்தையும் மட்டும் நினைத்துக்கொண்டிருக்காமல், கிருமிப் பரிசோதனை குறித்தும் மருத்துவரிடம் கேட்கலாம்.

படி 9: ஆய்வுக் கட்டுரையை எடைபோடுங்கள்

முன்கணிப்பு மரபணுக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஒரே வார்ப்பில் வருகிறது. டிசிஜிஏவின் பொதுத் தரவைப் பதிவிறக்கி, கட்டிக்கும் இயல்பான திசுவுக்கும் இடையே வெளிப்பாடு வேறுபடும் மரபணுக்களைப் பட்டியலிட்டு, அவற்றில் மையமானவை என்று சிலவற்றைத் தேர்ந்து, அதிகம் உள்ளவர்கள், குறைவாக உள்ளவர்கள் என நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, இரண்டு உயிர்வாழ்வுக் கோடுகள் விலகுவதைக் காட்டி முடிப்பது. இவற்றைப் படிக்கும்போது சில கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும்.

கோடுகளைப் பிரித்த எல்லைமதிப்பு முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டதா, அல்லது வேறுபாடு மிக அதிகமாகத் தெரியும் புள்ளியைத் தேடிப் பிடித்ததா? இரண்டாவது என்றால், அத்தகைய வேறுபாடு தற்செயலாகவே தோன்றும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்புக்கு அதிக மரியாதை தர வேண்டியதில்லை. நிலை, வயது, லாரென் வகை ஆகியவற்றைச் சேர்த்துக் கணித்த பிறகும் மரபணுவின் விளைவு நிற்கிறதா? நிற்கவில்லை என்றால், நிலை ஏற்கெனவே சொன்னதைத்தான் மரபணு அதிக செலவில் மீண்டும் சொல்கிறது. கொலாஜன், ஃபைப்ரோனெக்டின், ஸ்பார்க் போன்ற மரபணுக்கள் கெட்ட முன்கணிப்பின் அடையாளங்களாகத் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அவை பெரும்பாலும் புற்றுசெல்லின் குரல் அல்ல, சுற்றியுள்ள இணைப்புத்திசுவின் குரல். ஆழமாக ஊடுருவிய கட்டியில் அந்தத் திசு இயல்பாகவே அதிகம்.

வேறொரு நாட்டின், வேறொரு மருத்துவமனையின் நோயாளிகளிடம் அதே சூத்திரம் மாற்றமின்றிப் பரிசோதிக்கப்பட்டதா என்பது அடுத்த கேள்வி. 2011இல் மார்பகப் புற்றுநோய்த் தரவை வைத்துச் செய்த ஒரு பகுப்பாய்வு, குருட்டாம்போக்காகப் பொறுக்கிய மரபணுத் தொகுப்புகளில் பெரும்பாலானவை கூட நோயாளிகளின் உயிர்வாழ்வோடு புள்ளியியல் தொடர்பு காட்டுவதை வெளிப்படுத்தியது. செல் பெருக்க வேகம் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எதிரொலிப்பதால், எதைத் தொட்டாலும் ஏதோ ஒரு தொடர்பு வந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டவர் ஒற்றைக் கோட்டுப் படத்தைக் கண்டு மயங்க மாட்டார். கட்டுரை எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு 2005இல் வெளியான ரிமார்க் நெறிகள் இருக்கின்றன. அவற்றைப் பின்பற்றியதாகக் கூடச் சொல்லாத கட்டுரையை ஐயத்தோடே அணுகலாம்.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகக் குழு, ஜிஇசட்எம்பி, டபிள்யூஏஆர்எஸ், எஸ்எஃப்ஆர்பி4, சிடிஎக்ஸ்1 என்ற நான்கே மரபணுக்களைக் கொண்ட ஒரு பரிசோதனையை உருவாக்கி 2018இல் வெளியிட்டது. முதல் இரண்டும் எதிர்ப்பு மண்டலத்தின் செயல்பாட்டையும், மூன்றாவது இணைப்புத்திசுத் தன்மையையும், நான்காவது குடல்படலத் தன்மையையும் காட்டுகின்றன; ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்க முடிகிறது. சாதாரண மருத்துவமனையில் சேமிக்கப்படும் பாரஃபின் திசுவிலேயே பிசிஆர் முறையில் அளக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 1,035 பேர் பங்கேற்ற கிளாசிக் ஆய்வின் திசுக்களில் அது சோதிக்கப்பட்டது. அந்த ஆய்வில் யார் கீமோதெரபி பெறுவார், யார் அறுவையோடு நிற்பார் என்பது குலுக்கல் முறையில் முடிவானதால், முன்கணிப்பையும் பயன்கணிப்பையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது. குறைந்த, நடுத்தர, அதிக அபாயக் குழுக்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஏறத்தாழ 83, 75, 66 சதவீதமாகப் பிரிந்தது. இவ்வளவு உழைப்புக்குப் பின்னும் இது பழைய திசுக்களைத் திரும்பிப் பார்த்த ஆய்வுதான் என்பதையும், உலகளாவிய நடைமுறையாக மாறிவிடவில்லை என்பதையும் நினைவில் வைத்தால், பொதுத் தரவை மட்டும் வைத்து எழுதிய கட்டுரைக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள தொலைவு புரியும்.

படி 10: இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ

அறுவைக்குப் பின் இரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ துணுக்குகள் தென்பட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. சில சமயம் ஸ்கேனில் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே அது தெரிகிறது. ஆனால் இந்தத் தகவலை வைத்துச் சிகிச்சையை மாற்றினால் நோயாளி நீண்ட காலம் வாழ்வாரா என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனி ஆய்வுகள் வேண்டும். வயதானவர்களின் இரத்தச் செல்களிலேயே இயல்பாகத் தோன்றும் திடீர்மாற்றங்கள் சில, டிபி53 உட்பட, கட்டியிலிருந்து வந்தவை போலத் தோற்றம் தரும். வெள்ளணுக்களின் டிஎன்ஏவையும் உடன் வரிசைப்படுத்தும் ஆய்வகம் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. எதிர்மறை முடிவில்தான் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை. பரவல்வகைக் கட்டிகளும் வயிற்று உறைக்குள் மட்டும் பரவிய நோயும் இரத்தத்துக்குள் மிகக் குறைவாகவே டிஎன்ஏவை விடுகின்றன. எனவே அத்தகைய நோயாளிக்கு இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்ற அறிக்கை வந்தாலும், மருத்துவர் குறித்த நாளில் ஸ்கேனும் எண்டோஸ்கோபியும் தவறாமல் நடக்க வேண்டும்.